அந்தக் குப்பியில் நான் ஊற்றியது

கண்ணு, இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே என்னோடு தங்கியிருக்கும் உன் மகள் ஆதிரா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், காலேஜுக்குப் போகிறாள், உயிருக்கு ஒன்றும் இல்லை. முகம்தான். அந்த முகத்தை நினைத்து நேற்று நீ போனில் அழுதாய். "நாந்தானம்மா அந்த ஆசிட்ட வாங்கி அனுப்புனேன், எம்புள்ள மூஞ்சிய நானே கெடுத்துப்போட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றேன். உண்மையைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நீ வாங்கி அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் குப்பிக்குள் நீ அனுப்பிய மருந்தே இல்லை. நான் கொட்டிவிட்டேன். கொட்டிவிட்டு வேறொன்றை ஊற்றி வைத்தேன். அதைத்தான் உன் மகள் ஆறு நாள் முகத்தில் தடவினாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுதால் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மாடு கன்று போட்டதைச் சொல்வேன், மழை வராததைச் சொல்வேன். எழுத்தில் அப்படி ஓட முடியாது. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள் என்றாலும் யாரிடமும் பேனாவைக் கொடுத்து எனக்காக எழுதச் சொன்னதில்லை. இந்த எல்லையோரத்துப் பால் சொசைட்டியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தபோது மலையாளத்தில் வரும் நோட்டீசைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்தே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வம்தான் இப்போது உன் மகள் முகத்தில் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆதிரா எதிரில் உட்கார்ந்து அவள் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். "யாருக்கு அம்மிச்சி இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று கேட்டாள். "உங்கம்மாவுக்கு" என்றேன். "முடிச்சுட்டுத் தாங்க, நான் போட்டோ எடுத்து அனுப்பிடறேன்" என்றாள். அவள் நீ வாழ்க்கைப்பட்ட கேரள மலையில் இங்கிலீசும் மலையாளமும் படித்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவள் முன்னாலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு நான் செய்ததை அவள் கையாலேயே உனக்கு அனுப்ப வைக்கப் போகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

பயம் எங்கே தொடங்கியது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். என் இடது கையில், முழங்கைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு ஒரு தழும்பு இருக்கிறதே, சின்னதில் நீ அதைத் தடவிக்கொண்டே தூங்குவாய். "என்னம்மா இது" என்று கேட்பாய். கொதிக்கிற பால் தெறித்தது என்று சொல்லியிருக்கிறேன். அது பால் இல்லை. சொசைட்டியில் அப்போது பாலின் கொழுப்பைப் பார்க்க, கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் முதலில் ஆசிட் ஊற்றி, அதன் மேல் பாலை ஊற்றி, ரப்பர் அடைப்பானைத் திருகி, துண்டில் சுற்றிக் குலுக்குவார்கள். குலுக்கக் குலுக்க உள்ளே காப்பிக் கஷாயம் மாதிரி கறுத்து, துண்டுக்கு மேலேயே கை சுடும். பிறகு அதை எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் கழுத்துப் பக்கம் மஞ்சளாகக் கொழுப்பு ஏறி நிற்கும். அந்தக் குழாய்களைக் கழுவி வைப்பது என் வேலை. பரிசோதனை பார்த்த தம்பி தினமும் சொல்லும், "எட்ட நில்லுங்கக்கா, இது பாலு இல்லீங்க, எலும்பக்கூடத் தின்னுபோடும்." ஒரு நாள் ஒரு குழாயின் அடைப்பான் பிடுங்கிக்கொண்டது. என் சேலை முந்தானையில் ஏழெட்டு ஓட்டை. கையில் ஒரு சொட்டு. தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டு அப்படியே நின்றேன். வலியைவிட, கவனமில்லாதவள் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான் அதிகம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் உன் அப்பாவிடம் பால் என்றேன். உன்னிடமும் பால் என்றேன். ஒரு பொய்யை நாற்பது வருடம் சொன்னால் அது உண்மை மாதிரியே வாயில் வந்துவிடுகிறது.

இரண்டாவது உன் கன்னம். அதை நீயும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. உனக்குப் பத்தொன்பது வயது. முகம் நிறையப் பரு. அடுத்த வாரம் உன்னைப் பெண் பார்க்க மலையிலிருந்து வருகிறார்கள். நான் எலுமிச்சம்பழத்தை அறுத்து, அந்த அரை மூடியாலேயே உன் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தேன். "எரியுதும்மா" என்றாய். "எரிஞ்சாத்தான் அழுக்குப் போவும், பொறுத்துக்க" என்றேன். சாறு தாடை வழியாக வழிந்ததைத் துடைக்கக்கூட விடவில்லை. அதோடு உன்னைச் சோளத்தட்டு அறுத்து வரக் காட்டுக்கு அனுப்பினேன். சித்திரை வெயில். சாயங்காலம் வந்தபோது இடது கன்னம் சிவந்திருந்தது. மறுநாள் கொப்புளம். அதற்கடுத்து, சாறு வழிந்த தாரை அப்படியே கறுத்து, கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் கோடு விழுந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாங்காய் தின்னு தின்னு ஒடம்புல சூட்ட ஏத்தி வெச்சிருக்கிற" என்று உன்னையே திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டாய். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று கன்னத்தில் அப்பிய பவுடர், இன்றைக்கும் கல்யாணப் போட்டோவில் தெரிகிறது. கோடு மறைய ரெண்டு வருடம் ஆனது என்று நீ ஒரு முறை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய். இன்றைக்கும் யாராவது போட்டோ எடுத்தால் வலது கன்னத்தைத் திருப்புகிறாய். நீ திருப்பும் ஒவ்வொரு முறையும் நான் அதைப் பார்க்கிறேன், கண்ணு. பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

இப்போது ஆதிராவுக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் குளிரில் அவள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. இங்கே மீனாட்சிபுரத்து வெயிலும், பொள்ளாச்சி பஸ்ஸில் நசுங்கிப் போய் வரும் வேர்வையும் சேர்ந்து, வந்த நாலாம் மாதமே நெற்றியும் கன்னமும் பருவாகிவிட்டன. நான் சொன்ன பயத்த மாவையும் மஞ்சளையும் அவள் தொடவில்லை. சிநேகிதியோடு பொள்ளாச்சியில் தோல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து வந்தாள். அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நீ போனிலேயே பணம் கட்டி வரவழைத்து அனுப்பினாய். பெட்டியைப் பிரித்ததும் ரெண்டு சின்ன பழுப்புக் குப்பி. "என்ன சாமி இது?" என்றேன். "ஆசிட் அம்மிச்சி" என்றாள், என்னவோ தேங்காயெண்ணெய் என்கிற மாதிரி. என் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்துவிட்டது.

அவள் சிரித்தாள். பிறகு பொறுமையாகத்தான் சொன்னாள். குறையே சொல்ல முடியாது. "அம்மிச்சி, இது நீங்க நெனக்கிற ஆசிட் இல்ல. லாக்டிக் ஆசிட். பாலு புளிச்சா தயிர்ல வருதே, அதே சாதனம், அதே பொருள்தான். ரொம்ப லைட்டா இருக்கும். மேல இருக்கிற செத்த தோல மெதுவா எடுக்கும், அடைப்புப் போகும், பரு கொறையும்." வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தொடங்க வேண்டுமாம். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ரெண்டு மூன்று சொட்டு. மேலே ஈரப்பதத்துக்கு ஒரு கிரீம். பகலில் வெயிலுக்கான கிரீம் போடாமல் வாசலைத் தாண்டக் கூடாது. புண் இருந்தால் வைக்கக் கூடாது, வேறு மருந்தோடு கலக்கக் கூடாது. அவ்வளவையும் டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கே கொண்டுபோனாள். மூன்று வாரம் வைத்தாள். லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்பாள், அவ்வளவுதான். நெற்றி கொஞ்சம் தெளியக்கூடத் தொடங்கியிருந்தது. இப்போது நினைத்தால் அது தெரிகிறது. அப்போது அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. அவள் கன்னத்தில் லேசான சிவப்பைப் பார்த்தால் எனக்கு உன் கன்னத்துக் கோடு தெரியும். குப்பியைப் பார்த்தால் என் முந்தானையின் ஓட்டைகள் தெரியும். அவள் குளிக்கப் போனால் வெளியே நின்று சத்தம் வருகிறதா என்று கேட்பேன்.

ஒரு திங்கட்கிழமை, அவள் பஸ் ஏறியதும், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகைச் சாக்கடையில் அந்தக் குப்பியைக் கவிழ்த்தேன். புகை வரும், சிமெண்ட் பொங்கும் என்று பின்னால் தாவினேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மாதிரி போயிற்று. கன்றுக்குட்டி வந்து அந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறும் குப்பியை வைத்தால் அவள் கேட்பாள், அடுத்த குப்பியை எடுப்பாள். அப்போதுதான் அந்த யோசனை. தயிரில் வருகிற அதே சாதனம் என்று அவளே சொன்னாளே. என் மாடு, என் பால், என் மோர். கடைக்காரன் எங்கோ செய்ததைவிட என் கையால் எடுத்தது தீங்கு செய்யுமா? பால் புளிப்பதைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மூன்று நாள் புளித்த மோரின் மேல் நிற்கும் தெளிவை எடுத்தேன். உன் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். வாடை தெரியாமல் இருக்கப் பன்னீர் நாலு சொட்டு. குப்பியை நிரப்பித் துடைத்து, அவள் அலமாரியில் இருந்த அதே இடத்தில், எழுத்து இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், கண்ணு. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாளே அவள், "அம்மிச்சி, இது என்ன, தண்ணியா இருக்கு? வாசனையும் மாறிருக்கு. சூட்டுல கெட்டுப்போச்சோ?" என்றாள். "எனக்கென்னடி தெரியும்" என்றேன். தண்ணீராக இருப்பதால் பலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, வாரத்துக்கு ரெண்டு நாள் வைப்பதைத் தினமும் வைக்கத் தொடங்கினாள். அந்தப் புழுக்கத்தில், மூடிய அலமாரியில், அந்தத் தெளிவு என்னவாகியிருக்கும் என்று சொசைட்டியில் வேலை பார்த்தவள் எனக்குத் தெரியாதா? காலைப் பால் மதியம் வரைக்கும் தாங்காது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆறாம் நாள் முகமெல்லாம் சீழ் கோத்த சின்னச் சின்னக் கொப்புளம். தாடையில் மஞ்சளாகப் பொருக்கு. தொட்டால் எரிகிறது என்றாள். ஷாலால் முகத்தை மூடிக்கொண்டு காலேஜ் போய் வந்தாள். வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சொன்னாள், "பக்கத்து சீட்டு அக்கா எந்திரிச்சுப் போயிருச்சு அம்மிச்சி. எனக்கு அம்மைன்னு நெனச்சுருச்சு. சாரமில்ல, எனக்கு ஜன்னல் சீட்டு கெடச்சுது."

சாரமில்ல. உங்கள் ஊர் மலையாளத்துப் பேச்சு அவளுக்கு. சோறு குழைந்தாலும் சாரமில்ல, பஸ் போய்விட்டாலும் சாரமில்ல, பரவாயில்லை என்று எதையும் தள்ளிவிடுகிற பிள்ளை. அன்றைக்கு அதைக் கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

போன வியாழக்கிழமை நானும் அவளோடு டாக்டரம்மாவிடம் போனேன். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "என்னம்மா இது, அந்த லாக்டிக்கத் தவிர வேற என்ன போட்ட?" "வேற ஒண்ணுமில்ல டாக்டர், சத்தியமா." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாச்சும் கைவைத்தியம் பண்ணீங்களா பாட்டி? மறைக்காமச் சொல்லுங்க. எது போட்டதுன்னு தெரிஞ்சாத்தான் எது ஒத்துக்கலைன்னு நான் முடிவு பண்ண முடியும்." நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. என் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிச்சிக்கு இதெல்லாம் பயம் டாக்டர், தொடக்கூட மாட்டாங்க" என்றாள். எனக்காக அவள் பேசினாள். டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். முகத்தில் வேறு எதுவும் வைக்க வேண்டாம், அடுத்த வியாழன் அந்தக் குப்பியையும் எடுத்து வா என்றார். "இவ்ளோ மிருதுவான ஆசிட்டே உன் தோலுக்குத் தாங்கலைன்னா, நேரா மாத்திரைதான். அதுக்கு ரத்தப் பரிசோதனையெல்லாம் பண்ணிக்கிட்டே இருக்கணும்" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் போனில் அந்த மாத்திரையைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தாள். உதடு வெடிக்குமாம், கண் வறளுமாம். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்றைக்குச் செவ்வாய். வியாழனுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. என் புத்தி எங்கெல்லாம் போயிற்று என்பதையும் மறைக்கவில்லை. காலையில் அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லருகே போனேன். கை தவறி விழுந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. மூடியைத் திறந்தேன். அந்த நாற்றம்! அதை என் பிள்ளையின் பிள்ளை முகத்தில் தடவியிருக்கிறாள். போடவா வேண்டாமா என்று கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். உடைத்துவிட்டால் அவளுக்கு மாத்திரைதான். லேசான ஆசிட்டே ஒத்துக்கொள்ளாத தோல் என்று ஆயுசுக்கும் நம்பிக்கொண்டு திரிவாள். நீ உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பாய். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. தழும்புக்குப் பால் என்றேன், ஒன்றும் ஆகவில்லை. உன் கன்னத்துக்கு மாங்காய் என்றேன், ஒன்றும் ஆகவில்லை. குப்பியைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

கண்ணு, நான் பயந்ததே தப்பு என்று சொல்லவில்லை. கை வெந்தவள் பயப்படத்தான் செய்வாள். பயந்தவள் கேட்டிருக்க வேண்டும். அவளோடு போய் அந்த டாக்டரம்மாவிடம், இதுக்கும் சொசைட்டி ஆசிட்டுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று கேட்டிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்டால் என் படிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று கூச்சம். எரியும்போது உன்னைப் பொறுக்கச் சொன்னேன். எரியாத ஒன்றை அவளிடமிருந்து பிடுங்கி எறிந்தேன். நீ உன் மகளுக்கு எதைக் கொடுத்தாலும், அது மருந்தோ மாவோ, கொடுத்தது நான் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கொடு. கெட்டுப் போனாலும் அவளுக்கு யாரிடம் வந்து கேட்பது என்றாவது தெரியும். உனக்கு அது தெரியாமல் போயிற்று. அந்தக் கோட்டுக்குக் காரணம் மாங்காய் இல்லை. நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டுத் தாளை மடித்தேன். "குடுங்க அம்மிச்சி, போட்டோ எடுக்கறேன்" என்று ஆதிரா கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்தேன். டாக்டர் முன்னால் என்னைப் பிடித்திருந்த கை. கொடுக்க முடியவில்லை. "உக்காரு சாமி, மொதல்ல உனக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றேன். "எனக்கா? அம்மாவுக்குன்னீங்க?" என்றாள். படித்தேன். சொசைட்டி வந்தபோது அவள் என் கையைப் பார்த்தாள். உன் கன்னம் வந்தபோது, "அம்மா போட்டோவுல ஏன் வலது கன்னத்தையே காட்டுதுன்னு நான் எத்தன தடவ கேட்டிருக்கேன்" என்றாள். மாட்டுக் கொட்டகை வந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"நீங்க என் மூஞ்சில மோர ஊத்துனீங்களா?"

"மோரு இல்ல சாமி, தெளிவு..."

"அம்மிச்சி!"

அலமாரிக்குப் போனாள். குப்பியைத் திறந்து மோந்து பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தாள். அழுதாள். "டாக்டர் கேட்டப்ப நான் உங்களுக்காகப் பேசுனேன். பஸ்ல அத்தன பேரும் என்னப் பாத்தாங்க. நான் என் தோலே சாபம்னு நெனச்சேன்" என்றாள். நான் சாரமில்ல என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன், கண்ணு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கையில் நீ அனுப்பிய ரெண்டாவது குப்பி. சீல் உடைக்காதது. "நாளான்னிக்கி டாக்டர்ட்ட நீங்களே சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். "சொல்றேன்" என்றேன். "அவங்க சொல்றவரைக்கும் என் மூஞ்சில நான் எதுவும் வெக்க மாட்டேன். உங்க கையில வெக்கலாமில்ல?" என்றாள். எனக்குப் புரியவில்லை. குப்பியின் சீலை உடைத்தாள். "கைய நீட்டுங்க. அந்தக் கை இல்ல. தழும்பு இருக்கிற கை."

பின்வாங்கிவிட்டேன். உண்மையைத்தானே எழுதுகிறேன். சுவர் வரைக்கும் போய்விட்டேன். அவள் அசையாமல் நின்றாள். கண்ணில் இரக்கம் இல்லை, விளையாட்டும் இல்லை. "நான் மூணு வாரம் வெச்சேன் அம்மிச்சி. நீங்க ஒரு சொட்டு" என்றாள். கையை நீட்டினேன். "கண்ண மூடாதீங்க. பாருங்க" என்றாள். தழும்புக்கு ஒரு விரல் தள்ளி, நல்ல தோலில், ஒரு சொட்டு விட்டாள்.

அது என் கையில் இருக்கிறது. வலது கையால் இதை எழுதுகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் குளிர்ந்தது. இப்போது ஒரு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அவள் சொன்ன அதே எறும்புதான். பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. கையை எடுக்கவில்லை.